ஐம்பது முழம்

குரோம்பேட்டை என்ற பெயரில் இருக்கும் குரோம் ஒரு உலோகம். பேட்டைகளுக்கு ஆட்களின் பெயர் இருக்கும், சாமியின் பெயர் இருக்கும், ஜாதியின் பெயர் இருக்கும். ஒரு ரஸாயனத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் இது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் இங்கே குரோம் லெதர் கம்பெனியை வைத்தார். அதற்குக் கொஞ்சம் முன்பு, 1903 வாக்கில், ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அரசாங்கச் செலவில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியிருந்தார். ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோமிய உப்பில் ஓரிரு நாளில் பதமாகிவிடும். தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் அழுகாது. கிணற்றில் கவலை இறைக்கும் தோல்பைக்கு உதவும் என்பது சாட்டர்டனுடைய யோசனைகளில் ஒன்று. தண்ணீர் இறைக்க வந்த குரோம், பிறகு தண்ணீரை என்ன செய்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

என் அப்பா தலைமுறையினர் மின்சார ரயிலில் பல்லாவரம் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பாமலே ஸ்டேஷன் தெரிந்துகொள்வார்கள். மூக்கு சொல்லிவிடும். அந்த வாசனையைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கவிதை கூட இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். மழையையும் மண்வாசனையையும் பற்றி எழுதுகிறவர்களுக்குத் தோல் ஷாப்பின் வாசனை ஏன் எட்டவில்லை என்பது விமர்சனத்துக்குரிய கேள்விதான். ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெர்பர்ட் டான்பி 1933ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த மிஷ்னா மொழிபெயர்ப்பு கிடைத்தது. முதுகு பிய்ந்த கனமான புஸ்தகம். கி.பி. 200 வாக்கில் ரப்பி யூதா தொகுத்த யூத வாய்மொழிச் சட்டம் அது. ஏதோ ஞான நூல் என்று நினைத்து வாங்கி வந்தேன். பிரித்த இடத்தில், 'பாவா பாத்ரா' என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில், தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் தள்ளி இருக்கவேண்டும் என்று கண்டிருந்தது. பிணக்குழியும் செத்த பிராணியைப் போடும் இடமும் அப்படியே. தோல் ஷாப்பு மட்டும் கூடுதலாக, ஊருக்குக் கிழக்கே தவிர வேறு திசையில் கூடாது. ரப்பி அகிவா இதற்கு மாறுபடுகிறார்: மேற்கே மட்டும் கூடாது, மற்ற திசைகளில் ஐம்பது முழம் விட்டு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். காற்று எந்தப் பக்கமிருந்து அதிகம் அடிக்கிறது என்பதுதான் விவகாரம். குரோம்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தவனுக்கு, யாரோ தன் விலாசத்தைத் தெரிந்துகொண்டு எழுதிய கடிதம் போல இருந்தது.

அதே அத்தியாயத்தில் புறாக்கூண்டு ஊரிலிருந்து ஐம்பது முழம், களத்துமேடு ஐம்பது முழம் (பதர் பறந்து வந்து விழும்), மரம் இருபத்தைந்து முழம். அடுத்தவன் கிணற்றுக்கு இத்தனை தூரத்தில்தான் குழி வெட்டலாம், அடுத்தவன் சுவருக்கு இத்தனை தூரத்தில்தான் எரு போடலாம் என்று போகிறது. ஒரு மதத்தின் அடிப்படை நூலில் இதெல்லாம் எதற்கு என்று நம் பழக்கம் கேட்கும். நமக்கு ஆன்மிகம் வேறு, லௌகீகம் வேறு. சாக்கடை எங்கே ஓடவேண்டும் என்பதற்கு நாம் கவுன்சிலரைப் பார்ப்போம், ஸ்வாமியைப் பார்க்கமாட்டோம்.

யூதர்களுக்கு இந்தப் பிரிவினை அவர்களுடைய மூல நூலிலேயே இல்லை. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று படிக்கிற யாத்திராகமத்திலும் லேவியராகமத்திலும் உபாகமத்திலும் இந்தச் சமாசாரங்கள் இறைகின்றன. புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை, இல்லாவிட்டால் விழுந்து சாகிறவனின் ரத்தப்பழி உன் வீட்டின் மேல் என்கிறது உபாகமம். பள்ளம் தோண்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கு விலை கொடுக்கவேண்டும் என்கிறது யாத்திராகமம். முள்ளில் பிடித்த தீ அடுத்த வயலின் கதிரை எரித்தால், பற்றவைத்தவன் ஈடு செய்யவேண்டும். ஏழாவது வருஷம் நிலத்துக்கு ஓய்வு. எதிரியின் பட்டணத்தை முற்றுகையிடும்போதுகூடப் பழமரத்தை வெட்டாதே. பாசறையில் இருக்கும் ஒவ்வொரு போர்வீரனும் தன் ஆயுதங்களோடு மண் தோண்ட ஒரு கோலும் வைத்திருக்கவேண்டும். பாசறைக்கு வெளியே போய், தோண்டி, மலத்தை மூடிவிட்டு வரவேண்டும். காரணம் சொல்லியிருப்பதுதான் விசேஷம்: கடவுள் அந்தப் பாசறைக்குள் உலவுகிறார்.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். மலம் அசுத்தம் என்பதில் அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. மண்வெட்டி யார் கையில் என்பதில்தான் வித்தியாசம். அவர்கள் அதை அவனவன் இடுப்பில் செருகினார்கள். நாம் அதை ஒரு ஜாதியின் கையில் கொடுத்து, பிறகு அந்தக் கையைத் தொடமாட்டோம் என்றோம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993ல் ஒரு சட்டம் வந்தது, போதாமல் 2013ல் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி ஆட்கள் மூச்சுத் திணறிச் சாகிறார்கள். ஒரு சமூகத்தின் சுத்தம் பற்றிய கருத்து எவ்வளவு நுட்பமானது என்பதை அதன் பூஜையறையை வைத்து அளக்கக்கூடாது.

பழமரச் சட்டத்தைப் பிற்கால ரப்பிகள் எங்கெங்கோ நீட்டிக்கொண்டு போனார்கள். யுத்தத்திலேயே மரத்தை வெட்டக்கூடாது என்றால் சமாதான காலத்தில் எதை அழிக்கலாம் என்பது தர்க்கம். விளக்கில் எண்ணெய் வீணாக எரியும்படி வைத்தாலும் இந்தச் சட்டத்தை மீறியதாகும் என்கிறது தால்முத். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் சட்டங்களைத் தொகுத்தபோது, பாத்திரத்தை உடைப்பது, துணியைக் கிழிப்பது, கட்டிடத்தை இடிப்பது, நீரூற்றை அடைப்பது, உணவை வீணாக்குவது எல்லாவற்றையும் இதன் கீழ் கொண்டுவந்துவிட்டார். நீரூற்றை அடைப்பது என்ற ஒன்றைப் படிக்கும்போது, இங்கே ஏரிகளுக்குள் வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கும் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

நம்மிடம் இப்படி ஒன்றும் இல்லையா? இருந்தது. புறநானூற்றின் 57ஆம் பாட்டில் காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனிடம், பகைவர் நாட்டைக் கொள்ளையிடுவாயானாலும் கொளுத்துவாயானாலும் அவர்களுடைய காவல்மரங்களை வெட்டாதே என்று கேட்டுக்கொள்கிறார். உபாகமத்தின் அதே இடம். முற்றுகை, கோடரி, மரம். ஆனால் புலவர் சொல்லும் காரணம், அந்த மரங்கள் உன் யானைகளைக் கட்டத் தாங்கமாட்டா என்பது. அரசனைப் புகழ்ந்துகொண்டே மரத்தைக் காப்பாற்றுகிற சாமர்த்தியம். கவிதையாக அது மேலானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் புலவர் போனபின் மரத்துக்கு யார் துணை? உபாகமத்தில் அது கேட்டுக்கொள்வதாக இல்லை, விதியாக இருக்கிறது. விதியாக இருந்ததால் அதை விளக்கெண்ணெய் வரை நீட்ட முடிந்தது. நாம் பாட்டுக்கு உரை எழுதினோம், விதி செய்யவில்லை.

விதி செய்தவர்களும் இருந்தார்கள். தெருவில் குப்பை கொட்டினால் எவ்வளவு பணம் அபராதம் என்று அர்த்தசாஸ்திரம் கணக்குச் சொல்கிறது. இங்கிருந்து ஒரு பகல் பிரயாணத்தில் உத்தரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாவற்றுக்கும் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்கக்கூடாது. பாங்கில் வேலை பார்ப்பவனுக்கு இந்த ஷரத்தைப் படித்தால் கண்ணில் நீர் வரும். ஆனால் அந்தச் சபை நிலமும் வேதமும் உடைய பிராமணர்களின் சபை. ஏரியில் தண்ணீர் எடுத்து உழுதவனுக்கு அதில் ஓலை கிடையாது. தவிர, அது ஊர் நிர்வாகமாக நின்றுவிட்டது. ஏரியைத் தூர்ப்பது பாவம் என்பது புராணத்தில் வந்தது, நம் தினசரி அநுஷ்டானத்துக்குள் இறங்கவில்லை.

யூதர்களிடம் அது இறங்கிற்று என்பதற்குத் தால்முத்தில் ஒரு சர்ச்சையைச் சொல்லலாம். முள்ளையும் உடைந்த கண்ணாடியையும் என்ன செய்வது என்று பேச்சு. பழைய பக்திமான்கள் அவற்றைத் தங்கள் வயலில் மூன்று கையகல ஆழத்தில், கலப்பை தட்டாதபடி புதைப்பார்களாம். ஷேஷெத் என்ற ரப்பி நெருப்பில் போடுவாராம். ராவா என்ற மகா பண்டிதர் டைக்ரிஸ் நதியில் எறிந்துவிடுவாராம். இந்த மூன்றாவது ஆளை நூல் மறைக்கவில்லை என்பதை நான் ரசித்தேன். நம் அடையாற்றுக்கும் அவரைத் தெரியும். இதையடுத்து யூதா என்ற ரப்பி சொல்கிறார்: பக்திமானாக விரும்புகிறவன் நஷ்ட ஈட்டுச் சட்டங்களை ஒழுங்காகக் கடைப்பிடிக்கட்டும். ஜபம், உபவாசம், யாத்திரை எதுவும் இல்லை. மற்றவன் காலில் கண்ணாடி குத்தாமல் பார்த்துக்கொள்வதே பக்தி. மற்ற பண்டிதர்கள் வேறு வழிகளும் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கருத்து அங்கே சொல்லப்படக் கூடியதாக இருந்தது என்பதே எனக்குப் போதும்.

இனி சென்னைக்கு வருவோம். இந்த நூலைக் கொண்ட மக்கள் சென்னைக்குப் புதியவர்கள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், போர்ச்சுகலிலிருந்து சிதறிய யூத வம்சத்து வணிகர்கள் கோல்கொண்டா வைரத்துக்காக இங்கே வந்தார்கள். மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து கொடுத்து வைரத்தை வாங்கிப் போவது வியாபாரம். முத்தியால்பேட்டையில் பவழக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. 1687 டிசம்பர் 30ல் கம்பெனி கொடுத்த பட்டயப்படி, 1688 செப்டம்பர் 29ல் சென்னை மாநகராட்சி அரங்கேறியது. மேயர் நதானியேல் ஹிக்கின்ஸன். ஆல்டர்மன்கள் பன்னிரண்டு பேர். ஆங்கிலேயர் மூவர், பிரெஞ்சு வணிகர் ஒருவர், போர்ச்சுகீஸியர் இருவர், நம் வணிகர்கள் மூவர், மீதி மூவர் எபிரேய வணிகர்கள். கால்வாசி நகரசபை. லண்டனில் யூதன் ஒருவன் ஆல்டர்மன் ஆவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது.

இந்த மாநகராட்சி ஏன் வந்தது என்பது நம் சரித்திர புஸ்தகங்கள் ஜம்பத்தோடு சொல்லும் விஷயம் அல்ல. குப்பைக்காக வந்தது. ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது (1678-81) கருப்பர் பட்டணத்தின் தெருக்களைக் கூட்டி அள்ளுவதற்கு வீட்டு வரி போட்டார். ஜனங்கள் கொடுக்க மறுத்தார்கள். அடுத்து வந்தவர்கள் வரியை வற்புறுத்தியபோது கடையை மூடினார்கள், ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்றார்கள். லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோஸையா சைல்ட் ஒரு கணக்குப் போட்டார். மேலிருந்து போடும் சில்லறை வரியைக் கொடுக்காதவர்கள், தங்களில் சிலரே உட்கார்ந்து போடும் பெரிய வரியைப் பொதுநலத்துக்கென்று கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஒரு நகரசபையை உண்டாக்கி, உள்ளூர்ப் பெரியமனிதர்களுக்கு அங்கியும் ஆசனமும் கொடுங்கள். ஆசியாவின் முதல் மாநகராட்சி என்று நாம் பெருமைப்படுவது, குப்பை வரி வசூலிக்க ஒரு வியாபாரி கண்டுபிடித்த உபாயம். அப்படியும் வசூல் எளிதாகவில்லை.

அந்த மூன்று எபிரேயர்கள் வேதத்துக்காக அங்கே உட்காரவில்லை, வைரத்துக்காக உட்கார்ந்தார்கள். அவர்களைக் கொண்டு ஒரு நீதிக்கதை கட்டுவது எனக்கு நோக்கம் இல்லை. ஆனால் அவர்களுடைய நூலில் எரேமியா பாபிலோனுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அவர் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் அகதியாய் இருக்கிற அந்தப் பட்டணத்தின் நலனைத் தேடுங்கள், அதன் நலனில்தான் உங்கள் நலன் இருக்கிறது. தன்னைக் கைதியாக்கிய ஊருக்கும் ஒருவன் கடமைப்பட்டவன் என்பது எந்த அளவுகோலில் பார்த்தாலும் அசாதாரணமான யோசனை. சென்னைப் புறநகரில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் எங்கிருந்தோ வந்தவர்கள். தஞ்சாவூரும் திருநெல்வேலியும் அவர்களுக்கு ஊர். குரோம்பேட்டை அவர்களுக்கு அட்ரஸ். ஊரில் குளத்தைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்குகிறவர், இங்கே பல்லாவரம் பெரிய ஏரியை ரேடியல் ரோடு இரண்டாகப் பிளந்து குப்பைமேடாக்கியதைப் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு போவார். எரேமியாவின் கடிதம் நமக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்த வணிகர்களின் பழைய இடுகாடு தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்தது. இன்று அங்கே இல்லை. லாயிட்ஸ் ரோடில், இப்போது அவ்வை சண்முகம் சாலை, சிறு மதில் சுவருக்குள் சில கல்லறைகள் இருக்கின்றன. ஐம்பது முழம் ஊருக்கு வெளியே வைக்கவேண்டியதை ஊர் சுற்றி வளைத்துக்கொண்டுவிட்டது.

குரோமுக்குத் திரும்புகிறேன். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, தெற்கே திண்டுக்கல், வடக்கே நம்முடைய பல்லாவரம், குரோம்பேட்டை. தோலைப் பாதுகாக்கப் போட்ட உப்பும், பதனிட்ட குரோமும், சுண்ணாம்பும் கழுவிய தண்ணீராக மண்ணுக்குள் போயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பில் உள்ள விவரங்கள்: தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது, திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. கெடுத்தவன் ஈடு கொடுக்கவேண்டும், கெடுக்கமாட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலை வைப்பவனுடையது என்ற இரண்டு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தில் ஸ்திரப்படுத்தியது இந்தத் தீர்ப்புதான். ஐந்து மாவட்டங்களின் ஆலைகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அந்த ஐந்தில் ஒன்று அப்போதைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், அதாவது நாம். 1989ல் தமிழக அரசு போட்ட ஆணை, நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய ஆலை வரக்கூடாது என்று ஏற்கனவே சொல்லியிருந்தது. ஐம்பது முழம் ஒரு கிலோமீட்டர் ஆனதற்குப் பதினெட்டு நூற்றாண்டு.

நீதிபதி பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான பிளாக்ஸ்டனைத் துணைக்கு அழைக்கிறார்; சர்வதேசச் சட்டத்தையும் அரசியல் சாசனத்தையும் அழைக்கிறார். எல்லாம் சரி. பள்ளம் தோண்டி மூடாதவன் மாட்டுக்கு விலை கொடுக்கவேண்டும் என்ற யாத்திராகமமும் அதற்குள் எங்கோ அடியில் இருக்கிறது. ஆனால் தீர்ப்போடு கதை முடியவில்லை. 2015 ஜனவரி 31ல் ராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் நள்ளிரவுக்குப் பின் உடைந்து, அருகில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் குழம்பில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். மாட்டுக்கு விலை உண்டு என்று மூவாயிரம் வருஷம் முன்பு எழுதிவைத்தவன் இதைக் கற்பனை செய்திருக்க முடியாது. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பாலாற்று விவகாரத்தில் மறுபடியும் ஒரு நீண்ட தீர்ப்பை எழுதவேண்டி வந்தது. ஒரே குற்றத்துக்கு முப்பது வருஷமாகத் தீர்ப்பு எழுதுகிற நாட்டில், தீர்ப்பு நீதிமன்றத்தோடு நின்றுவிடுகிறது என்றுதான் அர்த்தம். அது வீட்டுக்குள் வரவில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், நானே எழுப்பிக்கொள்கிறேன். இவ்வளவு நல்ல நூலை வைத்துக்கொண்டு யூதர்கள் மட்டும் ஒழுங்காக இருந்தார்களா? இல்லை. 1997 ஜூலையில் டெல் அவீவ் அருகே மக்காபியா விளையாட்டு விழாவின்போது யார்கோன் நதியின் மேல் போட்ட தற்காலிகப் பாலம் உடைந்தது. ஆஸ்திரேலிய அணியினர் நதியில் விழுந்தார்கள். இறந்த நால்வரில் ஒருவர்தான் விழுந்ததில் இறந்தார். மற்ற மூவர் நதியின் மாசுபட்ட நீரிலிருந்து வந்த தொற்றினால் பின்னர் இறந்தார்கள். மேற்குக் கரையில் பாலஸ்தீனியர்களின் ஆலிவ் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டிருக்கின்றன. உபாகமம் சொன்ன அதே பழமரம், அதே யுத்தம், கோடரி மட்டும் புல்டோசர்.

ஆனால் அந்த மரங்களுக்காகப் போய் நின்றவர்களில் யூத ரப்பிகளும் இருந்தார்கள். 1988ல் தொடங்கிய மனித உரிமைகளுக்கான ரப்பிகள் என்ற அமைப்பினர் ஆலிவ் அறுவடையில் பாலஸ்தீனிய விவசாயிகளோடு நின்றார்கள், உபாகமத்தின் அந்த வசனத்தையே தம் ஜனங்களுக்கு எதிராகக் காட்டினார்கள். ஒரு நூலின் மதிப்பு அதைச் சொந்த ஜனங்களுக்கு எதிராகச் சாட்சிக்கு அழைக்க முடியுமா என்பதில் இருக்கிறது. நாம் நம் பழைய நூல்களைப் பிறருக்கு எதிராகவே அழைத்துப் பழகிவிட்டோம். வடக்குக்கு எதிராக, ஆங்கிலத்துக்கு எதிராக, மேற்குக்கு எதிராக. குரோம்பேட்டைக்காரன் தன் எதிர்வீட்டுக்காரனிடம், ஏன், தன்னிடமே, காட்டக்கூடிய ஒரு வரி நம்மிடம் கைவசம் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோல் பதனிடுகிறவனை மிஷ்னாவும் சுமுகமாகப் பார்க்கவில்லை. நாற்றம் பொறுக்காத மனைவி விவாகரத்துக் கேட்டால் கொடுக்கவேண்டிய தொழில்களில் அதுவும் ஒன்று. ஆனால் தள்ளிவைத்தது ஷாப்பை. அவன் பிள்ளையை அல்ல. அகிவாவின் சீடர்களில் யோகனான் என்ற ரப்பி இருந்தார், செருப்புத் தைப்பவர் என்பது அவர் பட்டப்பெயர். சட்டத்தில் அவர் சொன்னதும் சட்டம். இங்கே ஷாப்பு ஊருக்குள் வந்துவிட்டது. கம்பெனியானது, ஏற்றுமதியானது, ஊருக்கே பெயரானது. தோலை உரித்துச் சுமந்தவன் மட்டும் ஊருக்கு வெளியிலேயே இருந்தான். தூரத்தை நாம் தப்பான இடத்தில் அளந்தோம்.

தால்முத்தில் ஒரு சின்னக் கதை. ஒருவன் தன் வயலிலிருந்த கற்களைப் பொறுக்கிப் பொது வழியில் எறிந்துகொண்டிருந்தான். அந்தப் பக்கம் வந்த பெரியவர் ஒருவர், உன்னுடையது இல்லாத இடத்திலிருந்து உன்னுடைய இடத்துக்கு ஏனப்பா கல்லை எறிகிறாய் என்ற பொருளில் கேட்டார். அவன் சிரித்தான். பிற்பாடு வயலை விற்க நேர்ந்தது. அந்த வழியே நடந்தபோது தான் எறிந்த கல்லிலேயே இடறி விழுந்தான். பெரியவர் சொன்னது அப்போதுதான் விளங்கிற்று. எபிரேயத்தில் பொது வழிக்குப் பெயர் பலரின் உடைமை என்ற பொருள் தருவது. நம் வருவாய்த்துறைச் சொல் புறம்போக்கு. அகம், புறம் என்று உலகைப் பிரித்துக் கவிதை செய்த மொழியில், புறத்திலும் வெளியே போக்கிவிட்ட இடம் அது. வாசலில் கோலம் போடுகிறோம். கோலத்தின் கடைசிப் புள்ளியோடு நம் எல்லை முடிந்துவிடுகிறது.

நான் பாங்கில் பார்க்கும் வேலைகளில் ஒன்று, வீட்டுக் கடன் விண்ணப்பங்களின் பத்திரங்களைச் சரிபார்ப்பது. நான்கு மால் என்று நான்கு பக்க எல்லை எழுதியிருக்கும். ஒரே மனையின் பழைய பத்திரத்தையும் புதிய பத்திரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் கிடைக்கும். சமீபத்தில் ஒரு கோப்பு. தாய்ப் பத்திரத்தில் வடக்கே ஏரி வாய்க்கால். அடுத்ததில் வடக்கே வாய்க்கால் புறம்போக்கு. அதற்கடுத்ததில் வடக்கே காலியிடம். கடைசியில் வடக்கே இருபதடி ரோடு. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறார்கள். நான்கு கை மாறுவதற்குள் ஒரு வாய்க்கால் இல்லாமல் போயிற்று, அதற்கு ரத்தப்பழி யார் வீட்டின் மேலும் இல்லை.

குறிப்புக் கலத்தில் நான் பழைய எல்லையை எழுதினேன். மேலே இருப்பவர் கூப்பிட்டு, சட்ட அபிப்பிராயம் சுத்தமாக இருக்கிறது, இது எதற்கு என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒரு மிஷ்னா இருந்தது, சர்க்குலர் இல்லை. குறிப்பை அடித்துவிட்டு இனிஷியல் போட்டேன். கடன் கிடைத்தது. நல்ல குடும்பம், கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். கிருகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போயிருந்தேன். 2021ல் தாம்பரம் மாநகராட்சியான பிறகு போட்ட தெருப்பலகை புதுசாக இருந்தது. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. முதலில் அதைக் கட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.